பூட்டிய பெட்டியும் ஏந்திய பாத்திரமும்

மனிதனின் உள்ளத்தே குடியிருந்து அவனையே கெடுக்கும் பகைகள் ஆறு என்று பெரியோர் வகுத்துள்ளனர். காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாத்சரியம் என்பன அவை. ஸ்ரீமத் பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் நரகத்திற்கு மூன்று வாயில்கள் உண்டென்று அருளிச்செய்து, காமத்தையும் குரோதத்தையும் அடுத்து லோபத்தையே மூன்றாம் வாயிலாக வைத்தருளினான்.

இவற்றுள் லோபத்திற்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. கோபம் கொண்டவன் கோபம் தணிந்தபின் நாணுகிறான். காமத்தால் தவறியவன் பிறர் கண்ணுக்கு அஞ்சுகிறான். உலோபிக்கோ நாணமும் இல்லை, அச்சமும் இல்லை. ஏனெனில் லோபம் நற்குணங்களின் வேடத்தைப் பூண்டு வருகிறது. சிக்கனம் என்று ஒரு நாளும், குடும்பப் பொறுப்பு என்று மற்றொரு நாளும் அது பெயர் மாற்றிக்கொள்ளும். ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்னும் பழமொழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வந்த யாசகர் அனைவரையும் பாத்திரமல்லாதவர் என்று தள்ளிவிடும். ஆதலால் உலோபி தன்னை உலோபியென்று அறிவதே இல்லை. அறியாத நோய்க்கு மருந்து தேடுவார் யார்?

அத்தகையவனுடைய நெஞ்சம் மாறுவது எங்ஙனம்? மாறினால் தருமத்தைப் பற்றியும் ஏழையைப் பற்றியும் அவன் கொள்ளும் எண்ணம் எவ்வாறு அமையும்? இவ்வினாக்களுக்கு விடையாக நம் வைணவ மரபில் இரண்டு வரலாறுகள் விளங்குகின்றன. ஒன்று ஸ்ரீமத் பாகவதம் கூறுவது. மற்றொன்று கன்னட நாட்டில் நிகழ்ந்தது.

அவந்தி நாட்டு அந்தணன்

பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், கண்ணன் உத்தவருக்கு உபதேசிக்கும் பகுதியில், அவந்தி நாட்டு அந்தணன் ஒருவனின் கதை வருகிறது. ‘பிக்ஷு கீதை’ என்று பெரியோர் போற்றும் பகுதி அது. உழவாலும் வாணிகத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டிய அவ்வந்தணன் உற்றாரையும் விருந்தினரையும் சொல்லளவிற்கூட உபசரித்தானல்லன். தேவர், பிதிர்கள், முனிவர், மானிடர், பிற உயிர்கள் என்ற ஐவருக்கும் செய்யவேண்டிய கடன்கள் யாவும் அவன் வீட்டில் தடைப்பட்டன. தன் உடம்புக்கு வேண்டிய போகத்தையும் அவன் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. மனைவி மக்களும் பணியாட்களும் அவனை வெறுத்தனர்.

பின்னர்க் காலம் தன் கணக்கைத் தீர்த்தது. சுற்றத்தார் சிறிது கவர்ந்தனர். கள்வர் சிறிது கொண்டனர். அரசர் சிறிது எடுத்துக்கொண்டனர். எஞ்சியது விதிவசத்தால் அழிந்தது. யாவும் போனபின்தான் அவனுக்குக் கண் திறந்தது. செல்வத்தை ஈட்டுவதிலும் துன்பம், காப்பதிலும் துன்பம், இழப்பதிலும் துன்பம் என்று தெளிந்தான். துறவு பூண்டு பிச்சையேற்று உண்டான். ஊரார் அவனை எள்ளினர், அவன் தண்டத்தையும் பாத்திரத்தையும் பிடுங்கினர், உண்ணும்போது இழிவுசெய்தனர். அவன் எவரையும் நோவாமல், இன்ப துன்பங்களுக்குக் காரணம் தன் மனமே என்று பாடிக்கொண்டு திரிந்தான்.

உயர்ந்த முடிவுதான் இது; ஐயமில்லை. ஆயினும் இங்கே ஒரு குறை நிற்கிறது. கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாத நிலையில்தான் அந்தணன் திருந்தினான். அவன் திருந்தியதால் அவனுக்கு நன்மை விளைந்தது. அவன் வாயிலில் நின்று வெறுங்கையுடன் திரும்பிய ஏழைகளுக்கு விளைந்தது யாது? கையில் செல்வம் நிறைந்திருக்கும்போதே ஒருவன் விழித்துக்கொள்ளக்கூடுமாயின், அவ்விழிப்பு இதனினும் அரியது. அத்தகைய விழிப்பைப் பெற்றவரே ஸ்ரீபுரந்தரதாசர்.

நவகோடி நாராயணர்

புரந்தரதாசரின் காலம் 1484 முதல் 1564 வரை என்பது மரபு. அவர் பிறந்த ஊர் பற்றி இருவகைக் கருத்து உண்டு. புணே நகருக்கு அருகிலுள்ள புரந்தரகடம் என்பர் ஒரு சாரார். கன்னட மலைநாட்டில் தீர்த்தஹள்ளியை அடுத்த பகுதி என்பர் மற்றொரு சாரார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடமுடையானின் திருநாமமாகிய ஸ்ரீநிவாசன் என்பது. தந்தையாரிடமிருந்து வந்த தொழில் நகை அடகும் இரத்தின வாணிகமும். ஸ்ரீநிவாச நாயக்கர் என்ற பெயர் மறைந்து, ‘நவகோடி நாராயணர்’ என்று ஊரார் அழைக்கும் அளவுக்கு அவர் செல்வம் வளர்ந்தது.

அக்காலம் விஜயநகரப் பேரரசு உச்சநிலையில் விளங்கிய காலம். 1520-ஆம் ஆண்டை ஒட்டி அந்நகரைக் கண்ட போர்ச்சுகீசியப் பயணி தோமிங்கோ பாயஸ், அதன் கடைவீதிகளில் மாணிக்கமும் வைரமும் மரகதமும் முத்தும் விற்கப்பட்டதை வியந்து எழுதியுள்ளார். அத்தகைய நாட்டில் இரத்தினம் மதிப்பிடும் கண் படைத்தவருக்குப் பொருள் சேர்வது அரிதன்று. நாயக்கரின் கண்ணோ கல்லின் குற்றத்தை நொடியில் காணும். எதிரே நிற்கும் மனிதனின் பசியை மட்டும் காணாது.

அவருடைய தருமபத்தினி சரஸ்வதி பாய். கணவரின் குணத்திற்கு நேர்மாறான குணம் வாய்ந்தவர். வாயிலுக்கு வந்தவரை வெறுங்கையுடன் அனுப்ப மனம் ஒவ்வாதவர். கணவரின் சொல்லையும் மீறமுடியாதவர். இவ்விரண்டுக்கும் இடையே அவ்வம்மையார் பட்ட வேதனையே பின்னர் நிகழ்ந்த யாவற்றிற்கும் வித்தாயிற்று.

ஆறு மாத அலைச்சல்

கன்னட தாச பரம்பரையில் வழிவழியாக வழங்கிவரும் வரலாறு பின்வருமாறு:

ஒரு நாள் ஏழை அந்தணர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நாயக்கரின் கடைக்கு வந்தார். மகனுக்கு உபநயனம் செய்விக்கப் பொருளுதவி வேண்டினார். நாயக்கர் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘நாளை வாரும்’ என்றார். மறுநாள் வந்தபோதும் அதே மொழி. நாள்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. ஏறத்தாழ ஆறு மாதம் அந்தணர் நடந்தார். பிள்ளைக்குப் பருவம் கடந்துகொண்டிருந்தது.

இறுதியில், இவரை ஒழித்தாலன்றி வேலை நடவாது என்று எண்ணிய நாயக்கர், தேய்ந்துபோன செல்லாக் காசுகளை ஒரு குவியலாகக் கொட்டி, அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு இனி வராமல் போகும்படி கூறினார். அந்தணர் ஒன்றும் பேசாமல் வெளியேறினார்.

இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். உலோபியின் கொடுமை மறுப்பதில் இல்லை, இழுத்தடிப்பதில் இருக்கிறது. ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டவன் வேறோர் இடம் தேடுவான். ‘நாளை’ என்ற சொல்லோ அவனைக் கட்டிப்போடுகிறது. அவன் நடையையும் நாளையும் நம்பிக்கையையும் அச்சொல் விழுங்குகிறது; சொன்னவனுக்கோ செலவில்லை. முடிவில் கொடுத்த காசும் தனக்குப் பயன்படாத காசு. தனக்கு உதவாததைப் பிறர்க்கு ஈந்து அதற்குத் தருமம் என்று பெயரிடுவது, ஏழையைக் குப்பைக் கூடையாகக் கருதுவதேயன்றி வேறன்று.

மூக்குத்தி

வெளியேறிய அந்தணர் நேரே நாயக்கரின் இல்லத்திற்குச் சென்றார். சரஸ்வதி பாயிடம் தம் குறையைக் கூறினார். ‘என் கணவரின் அனுமதியின்றி வீட்டுப் பொருளை நான் எவ்வாறு ஈவேன்?’ என்று அம்மையார் கலங்கினார். பிறந்தகத்தார் அளித்த நகை ஏதேனும் இருக்குமாயின் அது அம்மையாருக்கே உரியதன்றோ என்றார் அந்தணர். தாய்வீட்டார் அணிவித்த வைர மூக்குத்தி நினைவுக்கு வந்தது. உடனே கழற்றி அவர் கையில் வைத்தார்.

பெண்ணுக்குப் பிறந்தகத்தார் கொடுத்த பொருளைத் தரும நூல்கள் ‘ஸ்திரீதனம்’ என்று தனியே வகுத்துள்ளன. அது அவளுக்கே உரியது. ஆகவே அம்மையார் செய்தது திருட்டுத் தானம் அன்று; கணவருக்குச் செய்த துரோகமும் அன்று. தமக்கு உரியதில், தமக்குப் பயன்படுவதில், தம் முகத்துக்கே அணியாக விளங்கியதை மனமுவந்து ஈந்தார். ஒருபுறம் செல்லாக் காசுக் குவியல். மறுபுறம் ஒற்றை மூக்குத்தி. தானத்தின் இலக்கணம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே அடங்கிக் கிடக்கிறது.

அந்தணர் அந்த மூக்குத்தியை வேறு எவரிடமும் கொண்டுசெல்லவில்லை. நாயக்கரின் கடைக்கே கொண்டுவந்து விலை கேட்டார். இரத்தினம் அறிந்த கண் அதனை உடனே அடையாளம் கண்டது. பணத்தைப் பிறகு தருவதாக அந்தணரை அனுப்பிவிட்டு, மூக்குத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நாயக்கர் வீட்டுக்கு விரைந்தார். ‘உன் மூக்குத்தி எங்கே? இப்பொழுதே கொண்டுவா’ என்று உறுமினார்.

அம்மையாருக்கு உலகம் இருண்டது. உள்ளே சென்று, உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணிக் கிண்ணத்தில் நஞ்சை ஊற்றி, எம்பெருமானை நினைந்து கைகூப்பினார். கிண்ணத்துள் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. பார்த்தால், அதே மூக்குத்தி! நடுங்கும் கையால் எடுத்துச் சென்று கணவரிடம் கொடுத்தார். நாயக்கர் திகைத்தார், கடைக்கு ஓடினார். பூட்டு உடையவில்லை, பெட்டி காலியாக இருந்தது. அந்தணரைத் தேடி ஆள்களை அனுப்பினார். எங்கும் காணவில்லை. வீடு திரும்பி மனைவியை வினவ, நடந்தது அனைத்தையும் அம்மையார் மறைக்காமல் கூறினார்.

வந்தவன் யாசகனல்லன், யாசகனாய் வந்த எம்பெருமான். அன்று மாவலியின் வேள்விச்சாலையில் பிரமசாரியாக நின்று மூவடி இரந்த வாமனனே, இன்று ஒரு பிரமசாரியின் பூணூலுக்காக ஒரு வணிகனின் கடைவாயிலில் ஆறு மாதம் நின்றான்.

எது மாறிற்று?

இவ்வரலாற்றைக் கேட்போர் பெட்டியிலிருந்த நகை கிண்ணத்தில் வந்ததையே அற்புதமாகக் கொள்வர். உண்மையான அற்புதம் அதற்குப் பின்னர் நிகழ்ந்தது. எம்பெருமானே தம்மைத் தேடி வந்தான் என்று அறிந்த ஒருவர், இனிமேல் கோயில் கட்டலாம், வேள்வி செய்யலாம், நாள்தோறும் நூறு பேருக்கு உணவிடலாம் என்று எண்ணியிருக்கலாம். நவகோடியில் ஒரு கோடியைச் செலவிட்டாலே பெரும் புகழ் வந்திருக்கும். நாயக்கர் அவ்வழியே செல்லவில்லை. இருந்த செல்வம் அனைத்தையும் வழங்கிவிட்டு, மனைவி மக்களுடன் உடுத்த ஆடையோடு வெளியேறினார்.

காரணம் யாது? பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொருள் தானே வெளியேறியதைக் கண்டவர் அவர். பூட்டும் சாவியும் தம்முடையவை. பொருள் மட்டும் தம்முடையதன்று என்று அந்த நொடியில் விளங்கிற்று. ‘என்னுடையதை நான் கொடுக்கிறேன்’ என்பது தானம் பற்றிய முதற்படி. ‘அவனுடையது என் கையில் இருந்தது, அவனே கேட்டு வந்தான், கொடுக்கத் தாமதித்தேன்’ என்பது அதற்கு மேற்பட்ட படி. இந்த இரண்டாம் படியில் நிற்பவனுக்குக் கொடுத்ததில் பெருமை இல்லை. தாமதித்ததில் நாணமே உண்டு.

இந்நிகழ்ச்சிகளைச் சாசனங்களில் தேடுவார்க்கு அவை கிடைப்பதில்லை. பக்தர்கள் நெஞ்சில் காத்துவந்த வழக்கு இது. ஆயினும் இதன் உயிர்நாடியை தாசரின் பாடல் ஒன்றே மெய்ப்பிக்கிறது. தம்பூரின் தண்டைப் பிடிக்கவும், பிச்சைப் பாத்திரம் ஏந்தவும், துளசி மாலை அணியவும் முன்பு நாணியிருந்த தம்மை, அந்நாணத்தைப் போக்கி இவ்வழியில் நிறுத்தியவள் மனைவியே என்று அப்பாடலில் அவர் நன்றியோடு வாழ்த்துகிறார். கணவனுக்கு மனைவி குருவாய் நின்ற பெருமையை இத்துணை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பாடல்கள் அரியவை.

வாயிலின் மறுபுறம்

விஜயநகரத்தில் அப்போது மாத்வ பீடத்தை அலங்கரித்தவர் ஸ்ரீவியாசராயர் (1460–1539). கிருஷ்ணதேவராயர் போற்றி வணங்கிய மகான். அவரை அடைந்த நாயக்கர், 1525-ஆம் ஆண்டில் தாச தீட்சை பெற்றார் என்பது மரபு. ‘புரந்தர விட்டல’ என்ற முத்திரை அவருக்கு அருளப்பட்டது. அன்று முதல் அவர் புரந்தரதாசர்.

ஹரிதாசரின் வாழ்வு முறை எளிது, ஆனால் கடினமானது. விடியலில் நீராடி, காலில் சலங்கை கட்டி, கையில் தம்பூரும் சிப்ளாக்கட்டையும் கொண்டு, ‘கோபால புட்டி’ எனப்படும் பிச்சைப் பாத்திரத்துடன் தெருத்தெருவாக ஹரிநாமம் பாடிச் செல்லவேண்டும். தமிழ்நாட்டில் உஞ்சவிருத்தி என்று வழங்குவதும் இதுவே. கிடைத்த அரிசியைச் சமைத்து, எம்பெருமானுக்குக் கண்டருளப் பண்ணி, வந்த விருந்தினர்க்கு இட்டு, எஞ்சியதைக் குடும்பம் உண்ணவேண்டும். நாளைக்கென்று எடுத்துவைத்தல் கூடாது.

‘நாளை வாரும்’ என்று ஆறு மாதம் சொன்னவருக்கு, நாளைக்கென்று ஒரு பிடி அரிசியும் இல்லாத வாழ்வு வாய்த்தது! இதனைத் தண்டனை என்று கருதுவது பிழை. ஏழையின் துன்பத்தைப் பற்றி நூல்களில் படித்தறியலாம். பிறர் சொல்லக் கேட்டறியலாம். ஆனால் மூடிய கதவின் முன் பாத்திரத்துடன் நிற்பவனின் நெஞ்சு எவ்வாறு இருக்கும் என்பதை நின்று பார்த்தவனே அறிவான். வாயிலின் உட்புறத்தில் நாற்பது ஆண்டு இருந்தவரை எம்பெருமான் வாயிலின் மறுபுறம் நிறுத்தி, ஏழையை அறியும் கண்ணை அளித்தான்.

கிருஷ்ணதேவராயர் இவருடைய துறவைச் சோதித்த கதை ஒன்றும் வழங்குகிறது. அரண்மனையிலிருந்து இடும் பிச்சை அரிசியில் வைரங்களையும் மாணிக்கங்களையும் கலந்து இடுமாறு அரசர் பணித்தார். தாசர் அதனைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். சில நாள் கழித்து அரசர் மாறுவேடத்தில் வந்து பார்த்தபோது, சரஸ்வதி பாய் அரிசியில் கல் பொறுக்கி, இரத்தினங்களைக் குப்பையில் எறிந்துகொண்டிருந்தார். ‘இப்பொழுதெல்லாம் அரிசியில் கல் மிகுதி’ என்று அம்மையார் கூறினாராம். ஒருகாலத்தில் கல்லை எடைபோட்டே உயிர் வாழ்ந்த குடும்பம், அதே கல்லை மீண்டும் எடைபோட்டது. இம்முறை எடை சரியாக இருந்தது.

கேட்பவர் கொடுப்பவரானார்

தாசர் பிச்சை கேட்ட முறையும் எண்ணத்தக்கது. ராகி என்னும் தானியத்தைப் பிச்சையாகக் கேட்கும் பாடல் ஒன்று அவர் பாடியுள்ளார். கன்னடத்தில் ‘தகுதியுடையவராகி’, ‘செல்வராகி’ என்பன போன்ற சொற்களின் ஈற்றிலும் ‘ராகி’ என்ற ஒலியே வரும். இச்சிலேடையைக் கொண்டு, தானியம் கேட்பதுபோலக் கேட்டு, இல்லத்தாரைத் தகுதியுடையோராகவும் அன்னதானம் செய்வோராகவும் ஆகும்படி அப்பாடலில் வேண்டுகிறார். ஒரு கைப்பிடி ராகியை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு வாழ்நாள் உபதேசத்தைக் கொடுத்துச் செல்கிறார். வாங்குபவன் இழிந்தவன், கொடுப்பவன் உயர்ந்தவன் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது.

ஆடம்பர பக்தியையும் அவர் விடவில்லை. விக்கிரகங்களையும் விளக்குகளையும் பரப்பிவைத்துப் பிறர் காணப் பூஜை செய்வோரைக் கன்னானின் பாத்திரக் கடைக்கு ஒப்பிட்டு இடித்துரைத்தார். கடை நடத்தியவருக்கன்றோ கடையின் இலக்கணம் தெரியும்!

அவர் பாடிய பாடல்கள் நாலு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் என்பது மரபு. இன்று கிடைப்பன மிகச் சிறு பகுதியே. ஆயினும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், மலஹரியில் பிள்ளாரி கீதம் என்று இசை பயிலும் முறையை வகுத்தளித்தவர் என்று கருநாடக இசையுலகம் அவரைப் பிதாமகராகப் போற்றுகிறது. ஸ்ரீதியாகராஜ சுவாமிகள் தம் ‘பிரஹ்லாத பக்தி விஜயம்’ என்னும் நாடகத்தில் அவரை வணங்கித் துதித்துள்ளார். தமிழ்நாட்டில் ஏழைக் குடியில் பிறந்த குழந்தையும், செல்வக் குடியில் பிறந்த குழந்தையும் இசையில் முதலடி வைக்கும்போது பெறுவது புரந்தரதாசரின் கொடையையே. ஒரு காசுக்கு ஆறு மாதம் அலையவிட்டவரின் கை, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் வழங்கிக்கொண்டிருக்கிறது.

1564-ஆம் ஆண்டு, தை மாத அமாவாசையை ஒட்டி, ஹம்பியில் அவர் திருநாடு அலங்கரித்தார் என்பர். விட்டலர் கோயிலுக்கு அருகே துங்கபத்திரைக் கரையில் ‘புரந்தரதாசர் மண்டபம்’ இன்றும் காட்டப்படுகிறது. மறு ஆண்டாகிய 1565-இல் தலைக்கோட்டைப் போர் நிகழ்ந்தது. இரத்தினக் கடைவீதிகள் பாழாயின. பெட்டிகளில் பூட்டிவைத்தவை எங்குச் சென்றன என்று எவரும் அறியார். பாத்திரம் ஏந்திப் பாடியவை மட்டும் எஞ்சி நிற்கின்றன.

கொடுத்தவருக்கும் ஒரு பாடம்

உலோபிக்குத்தான் இந்த உபதேசம், ஏதோ கொடுத்துவரும் நமக்கு அன்று என்று எவரும் எண்ணவேண்டா. கூரத்தாழ்வானின் வரலாறு அதற்கு விடை கூறும். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்து, நாள் முழுதும் ஏழைகளுக்கு அன்னமிட்டு வந்தவர் ஆழ்வான். இரவில் அவர் மாளிகைக் கதவுகள் அடைபடும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவியிலும் விழுந்தது என்றும், அதனை அறிந்த ஆழ்வான் மகிழாமல் நாணினார் என்றும் குருபரம்பரை கூறும். எம்பெருமானின் சந்நிதி வரை சென்றது தம் செல்வத்தின் ஓசையன்றோ என்று வருந்தி, யாவற்றையும் துறந்து, உடையவர் எழுந்தருளியிருந்த திருவரங்கம் நோக்கி நடந்தார்.

வழியில் காட்டிடையே தேவியார் ஆண்டாள் அஞ்சினார். ‘கையில் பொருள் இருந்தாலன்றோ பயம்?’ என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் கொண்டுவந்ததாக அம்மையார் கூற, அதனை வாங்கித் தூர எறிந்துவிட்டு நடந்தார். திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியே அவருடைய வாழ்வாயிற்று.

ஒருவர் மாத்வ சம்பிரதாயத்தவர். ஒருவர் ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தவர். ஒருவர் கொடாதவர், ஒருவர் கொடுத்துக்கொண்டே இருந்தவர். நான்கு நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. உலோபி ‘என் பொருள்’ என்று பிடித்துக்கொண்டிருக்கிறான். வள்ளலும் ‘என் கொடை’ என்று பிடித்துக்கொள்ளக் கூடும். பிடி ஒன்றே, பற்றிய பொருள்தான் வேறு.

திருவிழா நாளில் சிந்திக்கத்தக்கவை

எல்லோரும் யாவற்றையும் துறந்து பாத்திரம் ஏந்தவேண்டும் என்பது இவ்வரலாறுகளின் கருத்தன்று. இல்லறத்தார் இல்லறத்தில் இருந்துகொண்டே கைக்கொள்ளத்தக்க நெறிகள் இவற்றில் உள்ளன.

முதலாவது, கொடுப்பதை உரிய காலத்தில் கொடுத்தல். பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் மகள் திருமணத்துக்கும் உதவி கேட்டு வருபவர்க்கு ஒரு நாள் என்பது ஒரு யுகம். இயலாதாயின் அன்றே இனிய மொழியால் சொல்லிவிடுதல், ‘நாளை’ என்பதினும் பெரிய உதவி.

இரண்டாவது, நல்லதைக் கொடுத்தல். கிழிந்த துணியும் ஊசிப்போன சோறும் செல்லாக் காசுக் குவியலின் உடன்பிறப்புகள். தாம் உண்ணத் தயங்குவதைப் பிறர்க்கு இடுவது தருமமாகாது.

மூன்றாவது, கொள்பவரின் நாணம் அறிந்து கொடுத்தல். கைம்மாறு கருதாமல், உரிய இடத்தும் காலத்தும் உரியவர்க்கு ஈவதே சாத்துவிக தானம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. இகழ்ச்சியோடும் அவமதிப்போடும் கொடுப்பதைத் தாமச தானம் என்று தள்ளுகிறது. கொடுத்த பொருள் ஒன்றே ஆயினும், முகம் மாறினால் தானத்தின் சாதியே மாறிவிடுகிறது. ‘பாத்திரம் அறிந்து’ என்பதற்கும் உண்மைப் பொருள் இதுவே; யாருக்கு எது வேண்டும் என்று அறிந்து கொடுத்தலேயன்றி, கொடாமலிருக்கக் காரணம் தேடுதல் அன்று.

நான்காவது, சந்நிதியையும் வாயிலையும் வேறாகக் காணாமை. உயிர்களின் உள்ளே உறையும் பகவானைப் புறக்கணித்துவிட்டுத் திருமேனிக்கு மட்டும் செய்யும் வழிபாடு பயன் தராது என்று பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்தில் கபிலர் தம் தாயாருக்கு உபதேசித்தார். திருவிழாக் காலத்தில் பெருமாள் நான்கு மாட வீதிகளிலும் எழுந்தருளுகிறான். மூலஸ்தானத்தில் அவனைச் சேவிக்க இயலாத முதியோரையும் நோயுற்றோரையும் அவனே தேடி வருவதற்காக ஏற்பட்டது வீதிப் புறப்பாடு. தேரில் வருகிறவனை ஆயிரம் பேர் அடையாளம் காண்கின்றனர். தேர் கடந்தபின் அதே வீதியில் கையேந்தி நிற்பவனாகவும் அவன் வரக்கூடும் என்பதை நாயக்கரின் கடைவாயில் நமக்கு நினைவூட்டுகிறது.

உண்டியலில் காணிக்கை இட்ட கை, வாயிலில் நீண்ட கையைக் கண்டு மடங்காதிருக்கவும், கொடுத்தபின் ‘நான் கொடுத்தேன்’ என்ற எண்ணம் நெஞ்சில் தங்காதிருக்கவும், நவகோடியைப் பறித்துக்கொண்டு நாமத்தைக் கொடுத்த பாண்டுரங்கவிட்டலன் அடியார் அனைவருக்கும் அருள்புரிவானாக.